அம்மன் பெயரில் எடுத்த லொத்தர்

அந்தப் பணம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஊரில் கேட்டால் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்பார்கள். அப்படிச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி. அது அம்மனுக்குப் போகவில்லை, குதிரைக்குப் போனது. கொழும்பில் நான் ஒருநாளும் கண்ணால் காணாத ஏதோ ஒரு குதிரைக்கு. இதை வாய்விட்டுச் சொன்னால் கோயிலடியில் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்ததில் எனக்குக் கிடைத்த லாபம், சொல்ல முடியாததை எழுதி வைக்கலாம் என்பதுதான்.

என் புருஷன் பழுகாமத்துப் பக்கத்து ஆள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவர். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது; கல்யாணம் முடித்தால் ஆண்தான் வந்து சேர வேண்டும். அவர் வரும்போது ஒரு தோணியோடு வந்தார். படுவான்கரை வட்டைகளில் விளைகிற நெல்லை மூட்டை மூட்டையாக ஏற்றி, கிழக்கே எங்கள் கரையில் கடைக்காரர்களிடம் இறக்குவது அவர் தொழில். பேச்சுக் குறைவு. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசுவேன் என்று என் வீட்டார் பகிடி பண்ணுவார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆறு வருடம் அரசமரத்தைச் சுற்றியும் இல்லை. அதனால் அவருக்கு நானும் எனக்கு அவரும் பிள்ளையாக இருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருமல் வந்தபோது நெல்லுத் தூசி என்று நினைத்தோம். தூதுவளை, ஆடாதோடை, தேன் என்று என்னென்னவோ கொடுத்தேன். அறுவடை முடிந்து தூசி அடங்கியும் இருமல் அடங்கவில்லை. ஒருநாள் தோணியிலிருந்து மூட்டை இறக்கும்போது இருமி, தண்ணீரில் துப்பினார். தண்ணீர் சிவந்ததைக் கூடப் போன ஆள் வந்து சொன்னான். அவர் சொல்லவில்லை.

மட்டக்களப்புப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் குழல் வைத்துப் பார்த்தார். சயரோகம் என்றார். ஒரு பக்கத்து நுரையீரல்தான் பழுது, மற்றது நன்றாக இருக்கிறது என்றார். இந்தியாவில் மலையடிவாரத்தில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி உண்டு. அங்கே நெஞ்சுக்குள் காற்றை ஏற்றி, பழுதான நுரையீரலை அசையாமல் இளைப்பாற விடுவார்கள். ஒரு வருடம் அங்கே கிடந்தால் எழும்பி வரலாம் என்றார். எழும்பி வரலாம் என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாமி வரம் கொடுத்தது போல இருந்தது. பிறகு கப்பலுக்கும் ரயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன செலவாகும் என்று சொன்னார். நாங்கள் எழும்பி வந்துவிட்டோம்.

தோணியை விற்றோம். அது மருந்துக்கும் பாலுக்கும் முட்டைக்கும் போனது. என் காதில் கிடந்ததும் கழுத்தில் கிடந்ததும் அப்படியே போயின. மண்சுவரும் கிடுகுக் கூரையுமான வீட்டை வாங்க யாரும் இல்லை. சயரோகக்காரன் கிடக்கிற வீட்டை யார் வாங்குவார்கள்? இப்படி எல்லாம் முடிந்த இடத்தில்தான் அந்த லொத்தர்ச் சீட்டு வந்தது.

கொண்டுவந்தவர் காத்தான்குடித் துணிக்கடைக்காரர். என் புருஷன் அவருடைய மூட்டைகளையும் பலமுறை தோணியில் ஏற்றியிருக்கிறார். நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கொழும்பிலே குதிரைப் பந்தயத்தை வைத்து நடத்துகிற ஒரு லொத்தருக்கு இந்தப் பக்கத்தில் டிக்கட் விற்க யாரோ அவரிடம் கட்டாகக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. பந்தயம் அவர்கள் மார்க்கத்துக்கு ஆகாது. கொழும்பில் துணி கடனுக்குக் கொடுக்கிற முதலாளி சொன்னதால் தட்ட முடியாமல் வாங்கி வைத்திருந்தார். அப்படி வாங்கியதில் ஒன்றை, நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில், பழத்துக்குப் பதிலாக நீட்டினார்.

அந்த டிக்கட்டில் எண்ணோடு ஒரு பெயரும் எழுத வேண்டும். சொந்தப் பெயர்தான் என்றில்லை, எதுவும் எழுதலாம். பரிசு விழுந்தால் அந்தப் பெயர்தான் பேப்பரில் வரும், ஆள் யாரென்று வெளியே தெரியாது. கொழும்பு ஆட்கள் நாய்க்குட்டியின் பெயரைக்கூட எழுதுவார்களாம். என் புருஷன் காக்காவின் பேனாவை வாங்கி, நடுங்குகிற கையால், எங்கள் ஊர் அம்மனின் பெயரை எழுதினார். பரிசு விழுந்தால் அவளுக்குப் பாதி என்றார். கோயில் அப்போது ஓலைக் கூரை. ஓடு போட வேண்டும் என்று ஊர் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

அதுவரைக்கும் பிழையில்லை. பிழை அடுத்ததில் வந்தது. அது வைகாசி மாதம். எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: வருடத்தில் ஒரேயொரு முறை, வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். சடங்கு முடிந்து, அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்தி ஆடி, கதவைச் சாத்திவிட்டால் அடுத்த வைகாசிதான். இடையில் விளக்கு வைப்பதும் கற்பூரம் கொளுத்துவதும் வெளியே, மூடிய கதவுக்கு முன்னால். உள்ளே அவள் தனியாக இருப்பாள். குளிர்ந்த கோலத்தில் இருக்கிறவளை எழுப்பினால் சூடு தாங்காமல் ஊரில் முத்துப் போடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. முத்து என்றால் அம்மை.

டிக்கட்டை அரிசிப் பானைக்குள் வைப்போம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பெயர் எழுதிய கடதாசி, நான் காறித் துப்புகிற வீட்டில் எப்படிக் கிடக்கும் என்று கேட்டார். மஞ்சள் சீலைத் துண்டில் டிக்கட்டையும் காணிக்கைச் சல்லியையும் வைத்து முடிச்சுப் போட்டு, என்னிடமே கொடுத்துவிட்டார். நான் குளிர்த்தியன்று கூட்டத்துக்குள் நெரிபட்டுப் போய், நேர்த்தி முடிச்சுகள் வைக்கிற தட்டில் வைத்துவிட்டு வந்தேன். அந்தத் தட்டை உள்ளே வைத்துத்தான் கதவைச் சாத்தினார்கள். எண் கொழும்பில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். எங்களுக்குத் தெரிந்த உலகத்தில், கொடுத்தால் கொடுத்ததுதான். கொடுத்ததற்குச் சாட்சியாக ஒரு துண்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்டதில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் காக்கா மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. கையில் ஆங்கிலப் பேப்பர். எங்கள் அம்மனின் பெயர் அதில் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தது. முதற்பரிசில்லை. ஆனால் இந்தியாவுக்குப் போய், ஒரு வருடம் கிடந்து, திரும்பி வந்து, ஒரு தோணியும் வாங்கி, கோயிலுக்கு ஓடும் போடலாம். என் புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டு மாதமாக ஆள் பிடிக்காமல் எழும்பாதவர். நான் அழுதேன். அதன் பிறகு அவருக்காக எத்தனையோ முறை அழுதிருக்கிறேன், சந்தோஷத்தில் அழுதது அந்த ஒருமுறைதான்.

அன்று பொழுது படுவதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. வீட்டுப் பக்கம் தலைவைத்துப் பார்க்காதவர்கள் இளநீரோடு வந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டார்கள். கூரைக்குச் சீமையோடா, நாட்டு ஓடா என்று என் முற்றத்திலேயே சண்டை. நான் யாரையும் கோபிக்கவில்லை. காக்கா மட்டும் எல்லோரும் போகும்வரைக்கும் இருந்துவிட்டு, "டிக்கட்ட எடு தங்கச்சி, கொண்டு போய்க் கட்ட வேணும்" என்றார்.

டிக்கட் இருக்கிற இடத்தைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். பிறகு, டிக்கட்டை நீட்டுகிறவனுக்குத்தான் பணம், ஆண்டவனே வந்து நின்றாலும் டிக்கட் இல்லாமல் கொடுக்கமாட்டார்கள் என்றார். அதற்கும் காலம் உண்டாம். தை முடிந்தால் பிறகு கேட்கவே முடியாது. வைகாசி எப்போது வரும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோயில் கதவுச் சாவியை நாங்கள் திறப்பு என்போம்; அது என் மாமாவிடம் இருந்தது. அம்மாவோடு கூடப் பிறந்தவர், கோயில் வண்ணக்கர். நிர்வாகம் அவர் கையில்தான். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுகமாக இருக்கும், ஆனால் அது பொய். நாங்கள் பால் வாங்க வழியில்லாமல் போன நாளிலிருந்து, விடியற்காலையில் தன் பசுவின் பாலை வாசலில் வைத்துவிட்டுப் போனவர் அவர்தான். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தரம் கோயிலுக்குள் நெருப்புப் பிடித்து, அணைப்பதற்காகக் கதவை உடைத்தார்களாம். அந்த வருடம் வைசூரி வந்து அவருடைய அக்காவையும் தம்பியையும் ஒரே கிழமைக்குள், ஏழே நாளில், கொண்டுபோனது. அந்தப் பிள்ளைகளை வாழை இலையில் கிடத்தியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அவரிடம் போய்க் கதவைத் திறவுங்கள் என்று நான் கேட்டேன்.

ஊரில் தாய்வழியாக வருகிற ஏழு குடிகளின் பெரியவர்களும் கோயில் முன்றிலில் கூடினார்கள். கதவைத்தானே திறக்கக் கூடாது, கூரை ஓலையைக் கிளப்பி ஆளை இறக்கினால் என்ன என்று ஒரு மேதாவி கேட்டான். கூரையால் இறங்குகிறவனுக்குக் கள்ளன் என்று பெயர் என்றார் மாமா. சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றும் எரிகிறது. கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் பொதிந்து, மூடிய கதவுக்கு முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. சிவப்பு வந்தால் திறக்கலாம்.

என் வாழ்க்கையில் நான் பார்த்த லொத்தர் அதுதான். கொழும்பில் எண் எடுத்ததை நான் பார்க்கவில்லை. இதைப் பார்த்தேன். நடக்கப் பழகிய ஒரு பெண்குழந்தை, இரண்டு பொதியையும் பார்த்து, ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனது. மாமா பிடுங்கிப் பிரித்தார். சிவப்பு. கூடியிருந்தவர்கள் அம்மா தாயே என்று கையெடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பூசை செய்கிற கப்புகனார் விரதமிருந்து வந்து திறப்பதென்றும், ஒருவர் மட்டும் உள்ளே போய் முடிச்சை எடுத்துக்கொண்டு உடனே சாத்துவதென்றும் தீர்மானித்தார்கள். வீட்டுக்கு ஓடிவந்து என் புருஷனிடம் சொன்னேன். கப்பலில் போகும்போது குளிருக்குப் போர்த்த ஒரு கம்பளி வேண்டுமே என்றார். அவர் தனக்கென்று ஒன்று கேட்டது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். திறப்பு இடுப்பில் செருகியிருந்தது. உட்காரச் சொன்னேன், நின்றார். குளத்தடி ஒழுங்கை என்கிற சின்னத் தெருவில், தயிர் விற்கிற பெண்ணின் மகனுக்கு உடம்பெல்லாம் முத்துப் போட்டிருக்கிறதாம். அது அவளுக்கு ஒரே பிள்ளை. புருஷனைப் பாம்பு தீண்டிக் கொண்டுபோனபின், எருமையை வைத்துத் தயிர் விற்று வளர்க்கிற பிள்ளை. கதவு திறக்கப் போகிறது என்று பேசியதற்கே இப்படி என்று ஊர் சொல்கிறது. அதே ஊர்தான் போன கிழமை கூரைக்கு ஓடு தெரிவு செய்தது.

மாமா திறக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடு சண்டை பிடித்திருப்பேன். அவர் என் புருஷனைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மருமகன். பூவும் வந்திட்டு. திறக்கச் சொன்னா நாளைக்குத் திறக்கிறன்" என்றார்.

சாகக் கிடக்கிற மனிதனின் கையில் அந்த முடிவைக் கொண்டுவந்து வைத்தார். மாமாவின் பாலையெல்லாம் குடித்தவள் நான், இருந்தாலும் அதை நான் மன்னிக்கவில்லை.

என் புருஷன் திரும்பிப் படுத்து மாமாவைப் பார்த்தார். "வேணாம் மாமா. மூடியே கிடக்கட்டும்" என்றார்.

மாமா போனபின் நான் அவரைப் பிடித்து உலுக்கினேன். நோயாளி என்று பார்க்கவில்லை. உங்களுக்கு விசரா என்று கேட்டேன். நீங்கள் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து அசைவை நிறுத்தினார்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்டு நடந்தா, அந்தக் காசில போய்க் கிடந்து நான் எப்பிடிப் புள்ள மூச்சு விடுற?"

என்னிடம் பதில் இருந்தது. விடுங்கள், எப்படியாவது மூச்சு விடுங்கள், யாருடைய பிள்ளை எப்படிப் போனாலும் நீங்கள் விடுங்கள் என்பதுதான் என் பதில். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அரசாங்க மருந்துச்சாலை அப்போத்திக்கிரி அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வரும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அது வைசூரி இல்லை, வெறும் கொப்புளிப்பான், சின்னம்மைதான், பத்து நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும், அதற்குச் சாகிற பிள்ளை ஆயிரத்தில் ஒன்று என்றார். நான் செருப்பில்லாமல் மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமா கேட்டுவிட்டுத் தலையசைத்தார். "பெரிசும் அவட முத்துத்தான், சின்னதும் அவட முத்துத்தான் புள்ள" என்றார். அவருக்கு அதில் வித்தியாசமே இல்லை. ஊரில் யாருக்கும் இல்லை. என் புருஷனுக்கும் இல்லை. அவரிடம் வந்து சொன்னபோது, அப்போ குழந்தை பிழைத்துவிடும், நல்லது என்று மட்டும் சொன்னார்.

முத்து இறங்கி, பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தபின் திறக்கலாம் என்று மாமா சொன்னார். அதையும் நம்பினேன். ஆனால் கொப்புளிப்பான் ஒரு வீட்டோடு நிற்கிற நோயா? குளத்தடி ஒழுங்கையில் இருந்து பள்ளிக்கூட ஒழுங்கைக்கு வந்தது. ஒரு வீட்டில் தண்ணீர் வார்க்க, அடுத்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். ஐப்பசி போனது, கார்த்திகை போனது. மாரி மழை பிடித்துக்கொண்டு அடித்தது. யாரும் சாகவில்லை. ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. நான் குடையில்லாமல் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், எந்த வாசலில் வேப்பிலை இன்னும் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு வருவேன். அவர் கேட்பதில்லை. நானும் வந்து சொல்வதில்லை. ஊரில் ஒரு வேப்பிலையும் தொங்காத நாளுக்காக நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரிடம் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் கேட்க எனக்கு வாய் கூசியது.

மார்கழி முடிகிற நேரம் கடைசி வீட்டில் தண்ணீர் வார்த்தார்கள். மாமா தானாகவே வந்து, வருகிற வெள்ளி திறப்போம் என்றார். புதன்கிழமை காலையில் என் புருஷன் இருமத் தொடங்கினார். சிவப்பாக வந்தது, நிற்கவில்லை. நான் பாத்திரத்தை மாற்றி மாற்றிப் பிடித்தேன். கடைசிப் பாத்திரம் அரிசிப் பானை. அந்த டிக்கட்டை வைக்கச் சொன்ன பானை. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை தளர்ந்தது.

பிறகு ஒன்று நடந்தது, அதையும் எழுத வேண்டும். செத்தவீடு முடிந்தபின் காக்கா வந்தார். தை முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அவர் பேராசையில் சொல்லவில்லை. நான் எப்படிச் சாப்பிடப் போகிறேன் என்ற கவலையில் சொன்னார். மாமா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆனால் மாமாவும் நானும் ஒரே குடி. வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்குக்காரன் கோயில் படியை மிதிக்க முடியாது, திறப்பைத் தொட முடியாது, எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கவும் முடியாது. முப்பத்தொன்று கழிய, தையும் கழிந்துவிட்டது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அதற்குள் அந்தப் பணத்துக்கு என்னிடம் ஒரு வேலையும் இருக்கவில்லை.

வைகாசியில் கதவைத் திறந்தார்கள். கைம்பெண் என்று நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மஞ்சள் முடிச்சை என் கையில் வைத்தார். அவிழ்த்தேன். ஒரு வருட மழையில் கூரை ஒழுகி, உள்ளே கிடந்த பட்டுக்கள் எல்லாம் புள்ளி விழுந்திருந்தன. கறையான் பீடத்துப் பலகையைத் தின்றிருந்தது. டிக்கட் மட்டும் அப்படியே இருந்தது. அவர் எழுதிய எழுத்து, கை நடுங்கிய இடம், எல்லாம் அப்படியே. அம்மனின் அற்புதம் என்று பெண்கள் குரவை போட்டார்கள். என்னிடமிருந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு அதைக் கறையான் தின்றிருக்கலாம் என்று தோன்றியது. தின்றிருந்தால், திறந்திருந்தாலும் கிடைத்திராது என்று மனதைத் தேற்றியிருப்பேன்.

காக்கா துணி எடுக்கக் கொழும்புக்குப் போனபோது, எனக்காக லொத்தர்க் கந்தோருக்குப் போய் விசாரித்திருக்கிறார். டிக்கட் கிடைத்துவிட்டது, இரங்கிக் கொஞ்சமாவது கொடுங்கள் என்று கேட்டாராம். காலம் கடந்தால் கடந்ததுதான் என்றார்களாம். அப்படி யாரும் கேட்டு வராத பணம் எங்கே போகும் என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கேட்டு வராமல் விடுவது வழக்கம் என்றும், அதையெல்லாம் அடுத்த பந்தயத்தில் வெல்கிற குதிரையின் பரிசோடு சேர்த்துவிடுவார்கள் என்றும் அங்கே இருந்த ஒரு கிளாக்கர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். காக்கா அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மாதத்துக்கு ஒருதரம் அரிசி அனுப்புகிறேன் என்றார். சாகும்வரைக்கும் அனுப்பினார். டிக்கட் விற்பதை அன்றோடு விட்டுவிட்டார்.

குதிரைக்கு நெஞ்சு நன்றாக இருக்கும். ஓடுகிற குதிரை எவ்வளவு மூச்சு விடும் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கிறேன். நினைக்காமல் இருக்கத்தான் முயன்றேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். அவர் போன அடுத்த வருடம், அவருடைய திதியன்று காலையில், குளத்தடி ஒழுங்கைத் தயிர்க்காரி என் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு சட்டி எருமைத் தயிர். பின்னால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவள் மகன். சட்டியை வைத்துவிட்டு என் காலில் விழுந்தாள். "ஒங்கட ஆளாலதான் அக்கா எண்ட புள்ள இரிக்கான்" என்றாள். கதவைத் திறந்திருந்தால் அம்மன் அவனைக் கொண்டு போயிருப்பாள் என்பது அவள் நம்பிக்கை. பையனின் நெற்றியில் ஒரே ஒரு வடு இருந்தது, புருவத்துக்கு மேலே, ஒரு மிளகளவு.

அது வெறும் கொப்புளிப்பான், உன் பிள்ளைக்கு ஒன்றும் நடந்திருக்காது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு வெறி வந்தது. அந்தப் பையனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னால் என்ன மிச்சம்? என் புருஷன் ஒன்றுமில்லாததற்காகச் செத்தார் என்பதுதான் மிச்சம். அந்த வித்தியாசம் புரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர், நானும் அப்போத்திக்கிரியும். அப்போத்திக்கிரி மாற்றலாகிப் போய்விட்டார்.

வருடா வருடம் அவள் தவறவில்லை. ஜப்பான்காரன் குண்டு போட்ட யுத்தக் காலத்தில் அரிசிக்குக் கூப்பன் கொடுத்த நாளிலும், எருமை வற்றிய வருடத்திலும், எங்கேயாவது வாங்கியாவது கொண்டுவந்து வைப்பாள். பையன் வளர்ந்து தோள் அகன்று, பிறகு அவனே சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். படுவான்கரைக்கு நெல் ஏற்றப் போகிறானாம், தோணியில். அவன் வாசலில் நின்று மூச்சு வாங்கும்போது நான் அவன் நெஞ்சைத்தான் பார்ப்பேன். ஏறி இறங்கும், இரண்டு பக்கமும் சரியாக.

அந்தத் தயிரை நான் ஒரு வருடமும் வாயில் வைத்ததில்லை. அவன் ஒழுங்கை திரும்பும்வரை வாசலில் நின்றிருந்துவிட்டு, கொல்லைக்குக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றிவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். அடுத்த வருடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.